குற்றமும் கோப்பும்

விழா மலர்களிலே மறைந்த ஆசிரியர்களின் நினைவும், கல்லூரி வளர்ந்த வரலாறும், மாணவர் ஈட்டிய வெற்றிகளின் பட்டியலும் இடம்பெறுதல் மரபு. அம்மரபு போற்றத்தக்கதே. ஆயினும், நம் கல்லூரி நம்மை வாழ்த்துரை எழுதுவதற்கென்று மட்டும் பயிற்றிவிடவில்லை. நன்றும் தீதும் பகுத்துணரவும், உணர்ந்ததை அஞ்சாது உரைக்கவும் பயிற்றியது. அங்குக் கற்றோர் பலர் இன்று அரசாங்க அலுவலகங்களிலும், நீதிமன்றங்களிலும், பாடசாலைகளிலும் பொறுப்பான பதவிகளில் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின், அரசாங்க அலுவலகத்தின் பெருங்குறையொன்றை இம்மலரிலே எடுத்துரைப்பது பிறரைத் தூற்றுவதாகாது. நம்மை நாமே வினவிக்கொள்வதாகும்.

நாம் இதனை எழுதுவது கந்தப்பளையிலிருந்து. ஒரு பக்கம் தேயிலை மலை. மறுபக்கம் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் பாத்திகள். நுவரெலியா நகரம் அண்மையிலேயே உள்ளது. ஆயினும், லயத்திலே வாழும் தொழிலாளி ஒருவனுக்குக் கச்சேரியும் பொலிஸ் நிலையமும் நீதிமன்றமும் எவ்வளவு தூரத்தில் உள்ளன என்பதை மைல்கற்கள் சொல்லமாட்டா. தன் வீட்டிலே ஒரு கொலை விழுந்த நாளில்தான் அவன் அத்தூரத்தை அறிகின்றான்.

கொலையொன்று நிகழ்ந்தால் அரசாங்கம் செய்யக் கடமைப்பட்டவை மூன்று. கொன்றவர் யார் எனக் கண்டறிதல் ஒன்று. அவரை நீதிமன்றின்முன் நிறுத்துதல் மற்றொன்று. நிகழ்ந்தது யாது என இறந்தவரின் குடும்பத்தார்க்கு விளங்கச் சொல்லுதல் மூன்றாவது. இலங்கைத் தீவிலே, சிறப்பாக நமது மலைநாட்டிலே, இம்மூன்றும் பலமுறை நடவாது போயின. விசாரணை நடைபெறாமையே இதற்குக் காரணம் என்று சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. இந்நாட்டிலே விசாரணைக்குப் பஞ்சமில்லை. ஆணைக்குழுக்கள் அமைந்தன, சாட்சியம் பதிவாயிற்று, அறிக்கைகள் அச்சேறின. இல்லாது போனது, “இதற்கு நான் பொறுப்பு” என்று விடைகூறக் கடமைப்பட்ட ஓர் ஆள். இவ்வொன்றையே இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புகின்றோம்.

இக்குறை நேற்றுத் தோன்றியதன்று. 1940ஆம் ஆண்டு சனவரி மாதம் 10ஆம் நாள், ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். நாடெங்கும் எழுந்த கண்டனத்தின் பயனாக விசாரணை ஆணைக்குழு ஒன்று அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாணைக்குழுவின்முன் தோன்றி வாதாடினார். இதற்கிடையே, வேலைநிறுத்தத்தை ஒட்டித் தொழிலாளர்மீது தொடரப்பட்ட வழக்குகளை ஆணைக்குழுவின் விசாரணை முடியும்வரை ஒத்திவைத்தல் வேண்டும் என்று அரசாங்க சபை விரும்பிற்று. உள்நாட்டு மந்திரியும் அவ்வாறே பணித்தார். பொலிஸ் மா அதிபர் அதற்கு இணங்கவில்லை. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கமே நின்றார். மந்திரிமார் தம் பதவிகளைத் துறந்தனர்.

மலைத்தோட்டமொன்றில் ஏழைத் தொழிலாளி ஒருவர் இறந்தமை, ஒரு நாட்டின் மந்திரி சபையையே அசைத்துவிட்டது. அசைந்ததன் காரணத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கோவிந்தனைச் சுட்டதற்கு விடைகூற வேண்டியவர் யார் என்ற வினா, பொலிஸ் மா அதிபருக்குக் கட்டளையிட வல்லவர் யார் என்ற வினாவாக மாறிற்று. தேசாதிபதிக்கும் மந்திரிக்கும் இடையே நிகழ்ந்த அதிகாரப் போட்டியிலே கோவிந்தனின் பெயர் கோப்பின் தலைப்பாக மட்டும் நின்றது. மந்திரிமார் பின்னர்த் தம் பதவிகளுக்குத் திரும்பினர். கோவிந்தனின் மனைவி யாரிடம் திரும்புவாள்?

அந்நாளில் ஆண்டவர் அந்நியர். ஆகவே அவ்வாறு நேர்ந்தது என்று அமைதி காண்போரும் உளர். சுதந்திரம் வந்தபின் நடந்தவற்றைப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலைநாட்டு மக்கள் தம் பிரதிநிதிகள் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 9,75,000 மக்கள் இரு அரசாங்கங்களின் கணக்கேட்டிலே பங்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பேசித் தீர்ப்பதற்கு. நாடற்றிருந்தோரின் வழக்கை இந்நாட்டுச் சட்டம் முற்றாகத் தீர்த்துவைக்க 2003ஆம் ஆண்டு ஆயிற்று.

குடியுரிமைக்கும் கொலைக்கும் என்ன தொடர்பு என்று இளைய மாணவர் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. வாக்கில்லாதவனுக்காக நாடாளுமன்றத்திலே வினா எழுப்ப எவருக்கும் அவசியம் இல்லை. வினா எழாதவிடத்து மந்திரி விடைகூற வேண்டியதில்லை. மந்திரி கேளாதவிடத்து அதிகாரி அசைய வேண்டியதில்லை. அதிகாரி அசையாதவிடத்துக் கீழுள்ள எழுதுவினைஞர் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. இவ்வாறு மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருவரும் தத்தம் விதியின்படி நடந்துகொண்டே, ஒரு மக்கட் கூட்டத்தின் உயிரைக் கணக்கில் கொள்ளாதிருக்க முடிந்தது. கொடியவர் எவரும் இல்லாமலே கொடுமை நிலைபெறும் வழி இது.

1977ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், நுவரெலியா மாவட்டத்திலே தோட்டக் காணி 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, டெவன் தோட்டத்திலே சிவனு லட்சுமணன் என்னும் இளைஞர் பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அவருடைய உயிர்த்தியாகத்தின் பின்னர் அத்திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் மலையகம் அவரை நன்றியோடு நினைக்கின்றது. காணி மீண்டது, மகிழத்தக்கதே. எனினும் திட்டத்தைக் கைவிடுதல் அரசியல் கூறும் விடை. துப்பாக்கிச் சூட்டுக்கு நீதி கூறும் விடை வேறு. முன்னதைப் பெற்றமையால் பின்னதைக் கேளாது விடுதல் தகுமோ?

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே நாடு முழுவதும் கலவரம் மூண்டது. தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் பல, வவுனியா முதலிய வடபுலங்களுக்குச் சென்று காடு திருத்தி வாழ முற்பட்டன. அக்கலவரத்தை ஆராய, முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி அவர்களைக் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் சாட்சியம் அளித்தனர். 1980ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. ஆனால் 1982ஆம் ஆண்டிலே, 1977ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒழுங்கை நிலைநாட்டும் பொருட்டு நல்லெண்ணத்தோடு செய்ததாகக் கூறப்படும் செயல்களுக்காக அரசாங்க உத்தியோகத்தர்மீது வழக்குத் தொடரலாகாது என்று பொறுப்பு விலக்குச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1988ஆம் ஆண்டில் அவ்விலக்கு, அதுவரை கழிந்த ஆண்டுகள் அனைத்துக்கும் நீட்டப்பட்டது. ஒரு கை சாட்சியத்தைப் பதிந்துகொண்டிருக்க, மறுகை நீதிமன்றின் வாயிலை அடைத்தமை இதுவாகும். அடைத்ததும் சட்டப்படியே நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

எல்லாவற்றினும் கொடியது பிந்துனுவெவ நிகழ்ச்சி. பண்டாரவளைக்கு அருகே, அரசாங்கத்தின் பொறுப்பிலிருந்த புனர்வாழ்வு நிலையத்திலே, தமிழ் இளைஞர் நாற்பதின்மர் அளவினர் வைக்கப்பட்டிருந்தனர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25ஆம் நாட் காலையில், கத்தியும் பொல்லும் ஏந்திய பெருங்கூட்டம் உள்ளே புகுந்தது. 25 பேருக்கு மேற்பட்டோர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டனர். ஆயுதம் தாங்கிய பொலிஸார் அவ்விடத்திலே இருந்தனர். பகைவர் ஒளிந்திருந்து செய்த கொலை அன்று இது. அரசாங்கம் காவல் வைத்து, பெயர்ப் பட்டியல் எழுதி, தன் பொறுப்பில் ஏற்றிருந்த பிள்ளைகள் அவர்கள்.

இங்கும் முறைப்படி யாவும் நடந்தன. நீதியரசர் குலதிலக்க அவர்களின் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. மேல் நீதிமன்றத்திலே வழக்கு நடந்தது. 2003ஆம் ஆண்டிலே, பொலிஸ் உத்தியோகத்தர் இருவர் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு மே மாதத்திலே உயர் நீதிமன்றம் சான்று போதாதென்று கண்டது. அம்மாதத்தின் முடிவில், அவ்வைவருள் ஒருவர்மீதேனும் தீர்ப்பு நிலைக்கவில்லை. இருபத்தைந்துக்கு மேற்பட்ட பிணங்கள் இருந்தன; கொன்றவர் எவரும் இல்லை.

உயர் நீதிமன்றத்தைக் குறைகூறுதல் நம் நோக்கம் அன்று. சான்றில்லாத ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்புவதைவிட விடுவிப்பதே அறம். இந்நாட்டிலே 1976ஆம் ஆண்டின் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. அது தொடரவேண்டும் என்பதே நம் விருப்பமும் ஆகும். நாம் கேட்பது பழி அன்று. சான்றைத் திரட்டக் கடமைப்பட்டவர் யார்? ஆயிரக்கணக்கானோர் கூடிய பட்டப்பகற் கொலையிலே, காவலர் நேரில் நின்ற இடத்திலே, சான்று போதாமற் போனது எவ்வாறு? நீதிபதி தம்முன் வைக்கப்பட்டதையே நிறுக்க வல்லவர். வைக்க வேண்டியதை வைக்காதவர் யார் என்னும் வினாவுக்கு, இந்நாட்டு ஆட்சி இயந்திரத்தில் விடைகூறும் மேசை இல்லை. பொலிஸார் சட்டமா அதிபரைச் சுட்டுவர். சட்டமா அதிபரின் திணைக்களம் பொலிஸாரின் புலன்விசாரணையைச் சுட்டும். ஆணைக்குழுவோ தாம் பரிந்துரைக்க மட்டுமே வல்லோம் என்னும். மூவர் கூறுவதும் உண்மை. மூன்று உண்மைகளும் சேர்ந்து ஒரு பெரும்பொய் ஆகின்றன.

இதனை இனப்பூசலாக மட்டும் கொள்வோர் உண்மையிற் பாதியையே காண்பர். தென்னிலங்கையின் சிங்களத் தாய்மாரைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். 1989, 1990ஆம் ஆண்டுகளிலே எம்பிலிப்பிட்டியவில் பள்ளி மாணவர் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். பெற்றோர் பல்லாண்டுகள் படியேறி இறங்கினர். 1999ஆம் ஆண்டிலே மேல் நீதிமன்றம் பாடசாலை அதிபரையும் படையினர் சிலரையும் குற்றவாளிகளாகக் கண்டு தண்டித்தது. பத்தாண்டுகள் சென்றன, எனினும் விடை கிடைத்தது. ஏன்? அப்பெற்றோர் ஒன்றுகூடி நின்றனர். பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வதை நிறுத்தவில்லை. வழக்கைத் தொடர்ந்து கொண்டுசெல்லச் சட்டமறிந்தோரும் துணைநின்றனர். அலுவலகம் அசையாத ஒன்றன்று; விடாது கேட்பாரின்முன் அசையும் என்பதற்கு அவ்வழக்குச் சான்று.

நம் இலக்கியத்தை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன், அரண்மனைப் பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான். அஃது அதிகாரியின் அறிக்கையை அரசன் அப்படியே ஏற்ற பிழை. ஆனால் கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது, அவன் காவலனையோ பொற்கொல்லனையோ சுட்டிக்காட்டித் தப்ப முயலவில்லை; ஆணைக்குழு அமைத்து ஆண்டுகள் கடத்தவும் இல்லை. அவள் சொல்லை அவைமுன் கேட்டான். சிலம்பை உடைத்துக் காட்டக் கண்டான். குற்றம் தன்னுடையதே என்று ஏற்று உயிர்விட்டான். பிழைசெய்த அம்மன்னனை நம் முன்னோர் இகழாது போற்றியதன் காரணம், அவன் விடைகூறியமையே. இன்று கண்ணகி ஒருத்தி வருவாளாயின், விண்ணப்பப் படிவம் எந்தச் சாளரத்திற் கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டே அவள் காலம் கழியும்.

இது மிகைக்கூற்று என்று கருதுவோர் அன்றாட நிலையை நோக்குக. 1999ஆம் ஆண்டிலே வெளியான பிரகடனத்தின்படி, நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலாளர் பிரிவுகளிலும் பதுளை மாவட்டத்துப் பிரிவுகள் சிலவற்றிலும் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகள் ஆகும். ஏட்டிலே இவ்வுரிமை இருக்கின்றது. ஆயின், மகனை இழந்த தாய் ஒருத்தி தமிழில் அழுதுரைப்பது வேறு மொழியில் எழுதப்பட்டு, அவளால் வாசிக்க இயலாத தாளிலே கைநாட்டு வைக்கப்படுவது மலைநாட்டார்க்குப் புதிய செய்தி அன்று. பின்னாளில் நீதிமன்றிலே அவள் சொல்வதும் தாளில் உள்ளதும் வேறுபட்டால், பொய்யள் ஆவது அவளே. அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று முறையிடுவதற்கோ கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கே செல்லல் வேண்டும். அதற்குக் காலக்கெடு ஒரு மாதம். பிணத்தை அடக்கம் செய்து, முப்பதாம் நாட் சடங்கு முடிப்பதற்குள் அக்காலம் கழிந்துவிடுகின்றது. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்திருப்பின், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கில் எடுக்கப்படாது என்னும் சலுகை உண்டு. லயங்களிலே இதனை அறிந்தோர் எத்தனை பேர்?

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, கொழும்பிலே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த மலையகச் சிறுமி ஒருத்தி தீக்காயமுற்று மருத்துவமனையில் இறந்தாள். நாடெங்கும் குரல் எழுந்தபின், அடக்கம் செய்யப்பட்ட அவளுடல் தோண்டியெடுக்கப்பட்டு இரண்டாம் முறையும் பரிசோதிக்கப்பட்டது. முதலாம் பரிசோதனையைப் பெற்றோர் நம்பக்கூடவில்லை. அரசாங்கத் தாளின்மீது ஏழைக்கு நம்பிக்கை அற்றுப்போகும் நாட்டிலே, பிணத்துக்கும் அமைதி இல்லை.

நாம் குறைகளை மட்டும் அடுக்கிச் செல்ல விரும்பவில்லை. இக்காலத்திலே சில வாயில்கள் திறந்துள்ளன. 2015ஆம் ஆண்டிலே குற்றத்தாற் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் வந்தது. 2023ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. விசாரணை எந்நிலையில் உள்ளது என அறிந்துகொள்ளுதல் பாதிக்கப்பட்டோரின் உரிமை என்பதை அது ஏற்கின்றது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எழுதிக் கேட்கும் குடிமகனுக்கு, தருவதா மறுப்பதா என்று 14 வேலைநாட்களுள் அலுவலகம் தெரிவித்தல் வேண்டும். பொலிஸாரை ஆளுங்கட்சியின் பிடியிலிருந்து விலக்கும் நோக்கோடு 2001ஆம் ஆண்டிலே தேசிய பொலிஸ் ஆணைக்குழு ஏற்படுத்தப்பட்டது. ஆனால் அதன் சுதந்திரம் 2010இற் குறுகிற்று, 2015இல் விரிந்தது, 2020இல் மீண்டும் குறுகிற்று, 2022இல் மீண்டும் விரிந்தது. முல்லோயாவிலே எழுந்த வினா ஆட்சிக்கு ஆட்சி ஊசலாடுகின்றதேயன்றி இன்னும் தீர்ந்தபாடில்லை.

ஆகவே நாம் வேண்டுவன சில. கொடுங்குற்றம் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அதிகாரி ஒருவரின் பெயர், முதல் நாளிலேயே குடும்பத்தார்க்கு எழுத்திலே தரப்படல் வேண்டும். முறைப்பாடு கொடுப்பவரின் மொழியிலேயே பதியப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, பிரதியும் கொடுக்கப்படல் வேண்டும். விசாரணையின் நிலையைக் குறித்த தவணைகளில் அவ்வதிகாரி அறிவித்தல் வேண்டும். பொலிஸாரோ படையினரோ குற்றம் சாட்டப்படுமிடத்து, அவர்களோடு தொடர்பில்லாத தனி அலுவலகம் வழக்கை நடத்துதல் வேண்டும். ஆணைக்குழுவின் அறிக்கை கையளிக்கப்பட்டபின், பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் யாது செய்யப்பட்டதென நாடாளுமன்றத்துக்கு அரசாங்கம் விடைகூறுதல் வேண்டும். இவற்றுள் முதல் மூன்றுக்கும் பெருஞ்செலவோ புதிய கட்டடமோ வேண்டா, மனம் வேண்டும்.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருத்தலும் தகாது. பழைய மாணவரே, உம்முள் சிலர் பிரதேச செயலகத்திலே இருக்கின்றீர். சிலர் நீதிமன்றிலே மொழிபெயர்ப்பாளராகவும் சட்டத்தரணிகளாகவும் இருக்கின்றீர். சிலர் தோட்டப் பாடசாலைகளை நடத்துகின்றீர். உங்கள் மேசைக்கு ஒரு கோப்பு வரும்போது, அடுத்த மேசைக்குத் தள்ளுமுன், “இதற்கு விடைகூற வேண்டியவன் நானோ?” என்று ஒருமுறை வினவுக. ஆம் எனின், உங்கள் பெயரை எழுதிக் கையொப்பமிடுக. நம் சங்கமும் தன் ஆண்டுக் கூட்டத்தோடும் கிரிக்கெட் விருந்தோடும் அமைந்துவிடாது, பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றுக்கும் செல்லும் ஏழைக் குடும்பத்தோடு உடன்செல்வதற்குத் தமிழும் சிங்களமும் வல்ல தொண்டர் சிலரை அமர்த்துதல் இயலாத காரியம் அன்று. ஒரு மாதக் காலக்கெடுவை நினைவூட்ட ஒருவர்; பிரதி கேட்க ஒருவர்; தகவல் கேட்டு விண்ணப்பம் எழுத ஒருவர். இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும்.

மாணவச் செல்வர்களே, நீங்கள் தேர்விலே வென்று நாளை அதிகாரிகள் ஆவீர்கள். உங்கள்முன் வந்து நிற்பவள் தமிழ்த் தாயாகவும் இருக்கலாம். சிங்களத் தாயாகவும் இருக்கலாம். அவள் கேட்பது ஒரு தாளை அன்று, தன் பிள்ளைக்கு நேர்ந்தது யாது என்பதையே. அவளை அமரச் செய்து, அவள் மொழியிலே கேட்டு, தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை இன்ன நாளில் அறிந்து சொல்வேன் என்று நாள் குறித்துக் கொடுங்கள், அந்நாளிலே சொல்லுங்கள்.